வெளிநாட்டுக்குப் போன் போகாததற்கு முதல் காரணம் ஒரு சைபர்

துபாயில் வேலைக்குச் சேர்ந்த மகன் புது சிம் வாங்கியதும் எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறான். 050-ல் தொடங்கும் பத்து இலக்கம். தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் அம்மா அதை அப்படியே அழுத்துகிறார். எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிப் பதிவுக் குரல் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கி, முன்னால் 00971 சேர்த்து, 00971050 என்று தொடங்கிப் போட்டுப் பார்க்கிறான். அதுவும் போகவில்லை. பேலன்ஸ் இல்லை, அங்கே டவர் இல்லை, கம்பெனியில் கோளாறு என்று வரிசையாகக் காரணம் சொல்லப்படுகிறது. தடையாக நிற்பது 971-க்கும் 50-க்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைச் சைபர்.

அந்தச் சைபர் எண்ணோடு பிறந்தது அல்ல. உள்நாட்டுக்குள் டயல் செய்யும்போது, அடுத்து வருவது வேறு ஊர் எண் அல்லது செல்போன் எண் என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. நம் ஊர் எண்ணிலேயே இதைப் பார்க்கலாம். தர்மபுரியின் எஸ்டிடி கோடு 04342 என்றுதான் எல்லோரும் எழுதுவோம். உண்மையான கோடு 4342. முன்னால் நிற்கும் சைபர் எஸ்டிடிக்கான சாவி. கிருஷ்ணகிரி 4343, ஓசூர் 4344. கோடு நான்கு இலக்கம், வீட்டு எண் ஆறு இலக்கம், கூட்டினால் பத்து. செல்போன் எண்ணும் பத்து. இந்தியாவின் லேண்ட்லைன் எண்ணோ செல் எண்ணோ, எதுவாக இருந்தாலும் +91-க்குப் பிறகு பத்தே இலக்கம்தான் வர வேண்டும். பதினொன்று வந்தால் எங்கோ ஒரு சைபர் நுழைந்திருக்கிறது என்று பொருள்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் சைபர் சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தது. அதன்பின் செல் எண்ணையே சைபரோடு எழுதிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. அந்தத் தாளைப் பார்த்து மஸ்கட்டிலிருந்து டயல் செய்பவர் +910 என்று தொடங்குவார், அழைப்பு போகாது. மாங்கூழ், கிரானைட், ரோஜா என்று ஏற்றுமதி செய்யும் கிருஷ்ணகிரி, ஓசூர் நிறுவனங்களின் லெட்டர்பேடுகளிலும் இதே கண்ணி உண்டு. +91 என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு சைபர், பிறகு 4343 என்று அச்சடிப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது புரியும். வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர் அடைப்புக்குறிக்குள் உள்ள சைபரையும் சேர்த்துத்தான் அழுத்துவார். அச்சுக்குக் கொடுக்கும்போதே அந்தச் சைபரை எடுத்துவிடுங்கள்.

சைபரை விட வேண்டிய நாடுகளும் உண்டு, சைபரே இல்லாத நாடுகளும் உண்டு. அமீரகம் 971, சவூதி 966, மலேசியா 60, இலங்கை 94, பிரிட்டன் 44, ஆஸ்திரேலியா 61, ஜெர்மனி 49: இவற்றில் உள்நாட்டு எண் சைபரோடு இருக்கும், வெளியிலிருந்து பேசும்போது அதை விட்டுவிட வேண்டும். குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968, பஹ்ரைன் 973, சிங்கப்பூர் 65: இங்கெல்லாம் எண் எட்டே இலக்கம், முன்னால் சைபர் கிடையாது, நாட்டுக் குறியீட்டோடு நேராக ஒட்டினால் போதும். இத்தாலி தனி ரகம். அங்கே லேண்ட்லைன் எண்ணின் சைபரை வெளிநாட்டிலிருந்து பேசும்போதும் விடக் கூடாது.

இன்னொரு சைபர் குழப்பம், நாட்டைவிட்டு வெளியே போகும் வாசல் எண். இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் அது 00. அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. சிங்கப்பூரில் 001, 002, 008 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே 0091 என்று சேமித்த எண் துபாயில் வேலை செய்யும், அமெரிக்காவில் செய்யாது. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டுவது + குறி. செல்போனில் 0 விசையை அழுத்திப் பிடித்தால் + வரும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டின் வாசல் எண்ணை நெட்வொர்க்கே போட்டுக்கொள்ளும். உலக விதிப்படி, +-க்குப் பிறகு வரும் எண் மொத்தம் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது. லேண்ட்லைனில் + கிடையாது, அங்கே அந்தந்த நாட்டு வாசல் எண்ணையே அழுத்த வேண்டும்; இந்தியாவில் 00.

விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போனில் உள்ள வீட்டு எண்கள், ஏஜென்ட் எண், வங்கி எண் எல்லாவற்றையும் +91-லிருந்து தொடங்கும்படி மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள். வெறும் பத்து இலக்கமாகச் சேமித்த எண், அந்நாட்டு சிம் போட்ட நிமிடமே செத்த எண். +91 சேர்த்த எண் இங்கிருந்து அடித்தாலும் போகும், அங்கிருந்து அடித்தாலும் போகும்.

எண் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு அழைப்பு வசதி. ப்ரீபெய்டு சிம்மில் நாம் கேட்டு ஒப்புதல் தந்தால்தான் அதைத் திறந்துவிடுவார்கள். அன்லிமிடெட் என்று விற்கும் மாத ரீசார்ஜில் உள்ளது உள்நாட்டு அழைப்பு மட்டும். வெளிநாட்டுக்கு மெயின் பேலன்ஸில் தனியாகப் பணம் இருக்க வேண்டும், அல்லது ஐஎஸ்டி பேக் போட வேண்டும். பேக் போடும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாட்டுக்கு? அந்த நாட்டில் செல்போனுக்கும் லேண்ட்லைனுக்கும் ஒரே கட்டணமா? கணக்கு நிமிடத்துக்கா, விநாடிக்கா? நிமிடக் கணக்கென்றால் ஒரு நிமிடம் இரண்டு விநாடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசு போகும். முதல் அழைப்பை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு எவ்வளவு பிடித்தார்கள் என்று பேலன்ஸைப் பாருங்கள். மணி அடிக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. ஆனால் அந்தப் பக்கம் வாய்ஸ்மெயில் எடுத்துவிட்டால் அது எடுத்த அழைப்புதான், காசு ஓடும்.

அமெரிக்காவைவிட துபாய் ஏன் விலை?

தூரத்துக்கும் கட்டணத்துக்கும் இன்று தொடர்பே இல்லை. கடலடியில் ஓடும் கண்ணாடி இழையில் ஒரு பேச்சு பிடிக்கும் இடம் தூசு அளவு. விலையைத் தீர்மானிப்பது கடைசி மைல். நம் அழைப்பை வாங்கி, தன் வாடிக்கையாளர் காதில் சேர்க்க அந்த நாட்டுக் கம்பெனி கேட்கும் கூலி அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கூலி மிகக் குறைவு. வளைகுடாவிலும், பக்கத்திலேயே இருக்கும் இலங்கை, மாலத்தீவிலும் அதிகம். கிருஷ்ணகிரியிலிருந்து நியூயார்க்குக்குப் பேசும் காசில் ஷார்ஜாவுக்குப் பேச முடியாமல் போவது இதனால்தான்.

இந்தியாவும் இந்தக் கூலியை வாங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 53 பைசாவாக இருந்ததை 2018 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே முதல் 35-லிருந்து 65 பைசாவுக்குள் கம்பெனிகளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. உள்நாட்டு அழைப்புக்கு இந்தக் கூலி 2021 ஜனவரி 1 முதல் சுத்தமாக இல்லை. ஒரு பக்கம் பைசாக்கள், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ் திருட்டு நடக்கிறது. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவந்து, ஓர் அறையில் வைத்த பெட்டியில் செருகிய பத்து, நூறு சிம்களில் ஒன்றிலிருந்து உள்ளூர் அழைப்பாக வெளியே விடுவார்கள். ரியாத்தில் இருக்கும் தம்பி பேசுகிறான், திரையிலோ முன்பின் தெரியாத இந்தியச் செல் எண் தெரிகிறது. குரல் கரகரக்கும். அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. அவன் ஏதோ மலிவு காலிங் கார்டு வாங்கியிருப்பான், குற்றம் அவனுடையது அல்ல. ஆனால் அந்தப் பெட்டிக்குள் செருகியிருக்கும் சிம்கள் யார் யாருடைய ஆதாரிலோ எடுத்தவை. சிம் எடுத்துக் கொடுத்தால் ஐந்நூறு ரூபாய் என்று யாராவது ஊருக்குள் வந்தால் கொடுத்துவிடாதீர்கள். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் எடுத்தால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்; உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

குரல் போகும் பாதை

மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு வார்த்தை சொன்னால் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'ஹலோ' என்பார்கள். செயற்கைக்கோள் வழியாகப் போன பேச்சு அது. புனே அருகே ஆர்வியில் 1971-ல் தொடங்கிய விக்ரம் தரைநிலையம் போன்ற இடங்களிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய், மறுபடி அவ்வளவு தூரம் கீழே இறங்க வேண்டும். மொத்தம் 72,000 கிலோமீட்டர். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு வழிக்கே கால் விநாடி ஆகும். 2002 மார்ச் வரை வெளிநாட்டு அழைப்பு முழுவதும் அரசு தொடங்கிய விஎஸ்என்எல் என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. அந்த ஏப்ரலில் தனியாருக்கும் இணைய வழிப் பேச்சுக்கும் கதவு திறந்தது, விலை விழுந்தது, பூத்களும் மெல்ல மறைந்தன.

இன்று பாதை கடலடியில். பாலக்கோட்டில் ஒருவர் பேசினால் குரல் பக்கத்து டவருக்கு, அங்கிருந்து ஃபைபரில் கம்பெனியின் மைய நிலையத்துக்கு, பிறகு சென்னை, மும்பை போன்ற கரையோர வாசலுக்குப் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர். கடலைத் தாண்ட 16 மில்லிவிநாடி, அதாவது விநாடியின் அறுபதில் ஒரு பங்கு. ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேசுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே இன்று பேச்சு இழுபடுகிறது என்றால் பெரும்பாலும் கடல் காரணமில்லை. இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ உள்ள கடைசி வைஃபை, கடைசி டவர்தான். கேபிளே அறுபடும் நாட்கள் விதிவிலக்கு. 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாண்டிரியா அருகே அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் அறுந்தபோதும் இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தள்ளாடியது.

நேரடி அழைப்புக்கும் ஆப் அழைப்புக்கும் உள்ள வேறுபாடு டவரிலேயே தொடங்கிவிடுகிறது. வோல்ட்டி எனப்படும், 4ஜி வழியாகப் போகும் நேரடி அழைப்பில் பேச்சுக்கென்று தனி வழி ஒதுக்கி முன்னுரிமை தருகிறார்கள். வாட்ஸ்அப் பேச்சோ, பக்கத்து வீட்டில் ஓடும் வீடியோவோடு சேர்ந்து பொது வரிசையில் நிற்கிறது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் சிக்னல் ஒன்றிரண்டு கோடாக நிற்கும் இடங்களில் ஆப் அழைப்பு 'ரீகனெக்டிங்' என்று நிற்கும்போதும் நேரடி அழைப்பு போவது இதனால்தான்.

டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லாதது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆப் நம் குரலை விநாடிக்கு ஐம்பது துண்டாக வெட்டி அனுப்புகிறது. நல்ல தரத்தில் ஒரு துண்டில் குரல் சுமார் 60 பைட், அதன்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு 40 பைட். கடிதத்தில் மூன்றில் இரண்டு பங்கு கனம் உறைக்கே இருக்கிறது. ஒரு துண்டு 100 பைட் என்றால் விநாடிக்கு 5,000, நிமிடத்துக்கு மூன்று லட்சம் பைட். போக, வர இரண்டும் சேர்த்து அரைமணி நேரத்துக்குச் சுமார் 18 எம்பி. இவ்வளவு குறைவாக இருந்தும் குரல் ஏன் உடைகிறது? துண்டுகள் சீரான இடைவெளியில் வராததால். பத்து துண்டு ஒன்றாக வந்து, அடுத்த பத்து தாமதமானால், பிந்தியதை ஆப் வீசிவிடும். காதில் வார்த்தை பாதியாக விழும். வீடியோவை நிறுத்துவது, ரௌட்டர் இருக்கும் அறைக்குப் போவது, வீட்டில் மற்ற டவுன்லோடை நிறுத்துவது ஆகிய மூன்றும் வேகத்தைக் கூட்டுவதைவிட அதிகம் உதவும்.

எதிரொலி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்டால் நம் போனைக் குறை சொல்கிறோம். குற்றம் எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள், நம் குரல் அவர்கள் மைக்குக்குள் புகுந்து திரும்பி வருகிறது. "ஸ்பீக்கரை நிறுத்துப்பா" என்று அவர்களிடம் சொன்னால் தீர்ந்தது.

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு ஏன் போகாது?

போனில் கோளாறு இல்லை. இணைய வழிப் பேச்சு உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே நடக்கலாம் என்பது அந்நாட்டு விதி. மெசேஜ் போகும், படம் போகும், வாய்ஸ் நோட் போகும். அழைப்பு மட்டும் மணியடித்துவிட்டு இணையாமல் நிற்கும். அனுமதி உள்ள ஆப்களில் நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவது போட்டிம். இரண்டு முனையிலும் அதே ஆப் இருக்க வேண்டும் என்பதால், மகன் கிளம்புமுன் வீட்டில் உள்ள போனிலும் அதை ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள். அவன் போனபின் அம்மாவுக்குத் தொலைவிலிருந்து சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு. சவூதி 2017 செப்டம்பரில் தடையைத் தளர்த்தியது. ஆனாலும் எல்லா ஆப்பும் அங்கே எப்போதும் ஒரே மாதிரி ஓடும் என்று நம்பிவிட முடியாது.

இணையத்தில் நம் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு வாட்ஸ்அப் பேசலாம் என்று அறைத் தோழர்கள் சொல்வார்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் நம் போனை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் ஐந்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் திர்ஹாம் வரை. தொழிலாளி ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் கட்ட முடியாத தொகை. அவசரத்துக்கு நேரடி ஐஎஸ்டியில் இரண்டு நிமிடம் பேசிவிடுவது எவ்வளவோ மேல்.

வராத அழைப்பைப் போலவே வரக்கூடாத அழைப்பும் உண்டு. தெரியாத நாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி, உடனே கட். ஜப்பானில் இதற்கு 'வாங்கிரி' என்று பெயர், ஒரு மணியில் வெட்டுவது என்று பொருள். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டில் அவன்தானோ என்று பதறித் திருப்பி அடிப்பார்கள், அந்தப் பதற்றம்தான் மோசடிக்காரனின் முதலீடு. நிமிடத்துக்குக் கடுங்கட்டணம் வாங்கும் எண்ணுக்கு அழைப்பு போய், பதிவுக் குரல் நம்மைப் பேசவிடாமல் இழுத்தடிக்கும். திருப்பி அடிக்குமுன் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பிள்ளை இருப்பது குவைத் என்றால் 965 தவிர வேறு வெளிநாட்டு எண் எதுவும் அவனுடையது அல்ல. +870, +881 இரண்டும் செயற்கைக்கோள் போன்களின் குறியீடு, கட்டணம் மற்ற நாட்டு அழைப்புகளைவிடப் பல மடங்கு.

இன்னொரு வகை, வெளிநாட்டிலிருந்து வந்தும் இந்திய எண்ணாக வேஷம் போடும் அழைப்பு. போலீஸ், சுங்கத்துறை, வங்கி என்று மிரட்டுபவை பல இப்படி வந்தன. 2024 அக்டோபரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இவற்றைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் தடுத்த அழைப்புகள் 1.35 கோடி. தப்பி வருவதைச் சஞ்சார் சாத்தியில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

வெளிநாடு போனவர்களின் இந்திய சிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி ஓடிபி, ஆதார், வாட்ஸ்அப் மூன்றும் அதில்தான் தொங்குகின்றன. ரீசார்ஜ் இல்லாமல் கிடந்து எண் துண்டிக்கப்பட்டால், 90 நாளுக்குப் பிறகு அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதன்பின் உங்கள் ஓடிபி அந்த ஆளுக்குப் போகும். ஆகவே ஊரில் இருப்பவர் யாராவது குறைந்தபட்ச ரீசார்ஜை விடாமல் போட்டுவர வேண்டும். கிளம்புமுன் இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவைத்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் வரும், டேட்டா பில் ஏறாது.

நேரக் கணக்கு எளிது. அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். இங்கே இரவு எட்டரைக்குச் சோறு போட்டுக்கொண்டே ரியாத்துக்கு அடித்தால் அங்கே மாலை ஆறு. அதே நேரம் சிங்கப்பூரில் பதினொன்று, தூங்கப் போயிருப்பார்கள்.

அவசர உதவி எண்களிலும் அந்தப் பழைய தொல்லை வேறு வேஷத்தில் வருகிறது. 1800 எண்கள் கட்டணமில்லாதவை. அந்தக் காசை இந்தியாவுக்குள் ஒருவர் கட்டுகிறார், அதனால் வெளிநாட்டிலிருந்து அவை பொதுவாக இணையாது. தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி மையத்துக்கு வீட்டார் 1800 309 3793-இல் பேசலாம். வெளிநாட்டில் இருப்பவர் அடிக்க வேண்டியது +91 80 6900 9901. இங்கும் 80-க்கு முன் சைபர் கிடையாது. அமீரகத்துக்குள் இருந்து இந்தியர் உதவி மையத்துக்கு 800 46342, அது அந்நாட்டுக்குள் மட்டும் வேலை செய்யும். போன் தொலைந்தாலோ பறிபோனாலோ சேமித்த எண் எதுவும் கைகொடுக்காது. வீட்டு எண் இரண்டையும் இந்த எண்களையும் + போட்டு ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு பிரதி, வீட்டு ரேஷன் கார்டோடு ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.